கடன் மட்டும் போதாது! தொழிலும் பயிற்சியும் விலையும் வேண்டும்!

(தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் நடந்து வரும் ஊர்க்கூட்டங்களில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

காட்டு வேலையை முடித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, அடுப்பைக்கூட அப்படியே போட்டுவிட்டு இந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

வழக்கமாக நம்முடைய கூட்டத்தில் உரம், கரண்டு, தண்ணீர், விலை என்று பேசுவோம். இன்றைக்கு வேறொரு கணக்கைப் பேச வந்திருக்கிறோம். இத்தனை நாளாக இது ஆம்பளைகள் வாய் திறக்காத கணக்கு. நம் வீட்டுப் பெண்கள் பேரில் இருக்கிற குழுக்கடன் கணக்கு.

நம்ம ஊர்ப் பெண்களிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். வசூல்காரர் வருகிற கிழமை எது என்று கேட்டால் யோசிக்க மாட்டார்கள். திங்கட்கிழமை ஒரு கம்பெனி, வியாழக்கிழமை இன்னொரு கம்பெனி, மாசம் பத்தாம் தேதி வங்கி. களை எடுத்த கூலி இடுப்பில் செருகின சூடு ஆறுவதற்குள் தவணைக்குப் போய்விடுகிறது. ஒருத்தி கட்ட முடியாவிட்டால் கூட இருக்கிற மற்ற பெண்கள் கட்ட வேண்டும். கட்டும்வரை ஒருவரும் எழுந்து போகக் கூடாது என்று உட்கார வைக்கிறார்கள். அக்கா தங்கச்சியாகப் பழகினவர்கள் இன்றைக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இது ஏன் நடக்கிறது? கடன் வாங்கினது தப்பா, கொடுத்தது தப்பா, அல்லது வேறெங்கோ தப்பு இருக்கிறதா? இதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

குழு வந்த கதை

பங்களாதேஷில் 1976ல் யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 ஏழைகளுக்குச் சேர்த்து 27 டாலர் மட்டும் கடன் கொடுத்துப் பார்த்தார். திரும்பி வந்தது. 1983ல் அது கிராமீன் வங்கி ஆனது. ஏழைப் பெண்கள் வாங்கின கடனைத் திருப்பிக் கட்டுவார்கள் என்று உலகத்துக்கே தெரிந்தது. 2006ல் அவருக்கும் அந்த வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

நம் தமிழ்நாட்டில் இது எங்கே தொடங்கியது தெரியுமா? நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியாத காலம் அது. 1989ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் முதலில் இங்கேதான் ஆரம்பிக்கப்பட்டன. 1992ல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை செய்தது. 1997-98ல் தொடங்கிய மகளிர் திட்டம் படிப்படியாகத் தமிழ்நாடு முழுக்க வந்தது.

குழு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்கள் வங்கி வாசற்படி மிதித்தது குழுவால். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டது குழுவால். கிராம சபையில் எழுந்து நின்று தண்ணி வரலைன்னு கேட்டதும் குழுவால்தான். வாரம் பத்து ரூபாய் சேமித்து, அதையே தங்களுக்குள் கடனாகக் கொடுத்து, வட்டியைத் தாங்களே எடுத்துக்கொண்ட அந்தக் காலம் நல்ல காலம்.

அதற்குப் பிறகுதான் தனியார் கம்பெனிகள் உள்ளே வந்தன. சேமிப்பு இல்லை, கூட்டம் இல்லை, தீர்மான நோட்டு இல்லை. ஆதார் அட்டை, போட்டோ, ஐந்து பேர் கையெழுத்து, கையில் பணம். குழு என்ற பெயர் மட்டும் மிச்சம். ஆந்திராவில் இந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்று நாடே பார்த்தது. 2010ல் வசூல் நெருக்கடி தாங்காமல் பெண்கள் உயிரை விட்டார்கள் என்ற செய்திகள் அடுத்தடுத்து வர, அந்த வருடம் அக்டோபரில் அந்த மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. 2011ல்தான் ரிசர்வ் வங்கி இந்தக் கம்பெனிகளுக்கென்று தனி விதிமுறை கொண்டு வந்தது. உயிர் போன பிறகுதான் விதி வந்தது.

பணம் எங்கே போனது?

இப்போது ஆண்களைப் பார்த்து ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள வேண்டாம், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

தையல் மிஷின் வாங்க என்று எழுதி வாங்கின கடன், போர்வெல் மோட்டார் காயில் எரிந்தபோது அதற்குப் போனது. ஆடு வாங்க என்று வாங்கின கடன், உரக்கடை பாக்கிக்குப் போனது. பெட்டிக்கடை வைக்க வாங்கினது, பிள்ளையின் காலேஜ் பீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போட்டார், நாம் செலவு பண்ணினோம். வசூல்காரர் வந்தால் நாம் கொல்லைப்பக்கமாக வெளியே போய்விடுகிறோம். திண்ணையில் தலைகுனிந்து நிற்பது யார்?

நாம் கெட்டவர்களா? இல்லை. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டு போனால் வண்டி வாடகை தேறாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த நாட்களை நாம் மறக்கவில்லை. 2023 ஜூலையில் அதே தக்காளி கடையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அப்போது நம்மில் எத்தனை பேர் வயலில் தக்காளி இருந்தது? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. அந்த மிஞ்சாத உழக்கை இன்றைக்கு நம் பெண்கள் கடன் வாங்கி நிரப்புகிறார்கள். பேருக்குத்தான் அது தொழில் கடன். உள்ளே இருப்பது விவசாய நட்டம். பெண்கள் கடனும் விளைபொருள் விலையும் வேறு வேறு பிரச்சினை இல்லை, ரெண்டும் ஒரே பிரச்சினை என்று சங்கம் சொல்வது இதனால்தான்.

ஒரு மாட்டுக் கணக்கு

சரி, கடனை நிஜமாகவே தொழிலில் போட்டால் என்ன ஆகும்? ஒரு மாட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊருக்கு ஊர் கூடக்குறைய இருக்கும்.

கறவையில் இருக்கிற கலப்பின மாடு ஒன்று 60,000 ரூபாய் என்று வையுங்கள். நாளைக்கு 8 லிட்டர் பால். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ரூபாய் ஆக்கியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். கொழுப்பும் இதர சத்தும் குறைந்தால் அந்த விலையும் கைக்கு வராது என்பது உங்களுக்கே தெரியும். 35 என்றே வைப்போம். நாளைக்கு 280 ரூபாய். தவிடு, புண்ணாக்கு, தீவனம், வைத்தியம் என்று 150 ரூபாய் போனால் மிச்சம் 130. மாசத்துக்கு 3,900 ரூபாய்.

இந்த மாட்டைக் கம்பெனிக் கடனில் 24 சதவீத வட்டிக்கு, ரெண்டு வருடத் தவணையில் வாங்கினால் மாசத் தவணை சுமார் 3,170 ரூபாய். மிஞ்சுவது 730. காலை நாலு மணிக்கு எழுந்து, சாணி அள்ளி, புல் அறுத்து, பால் கறந்து, சங்கத்துக்குத் தூக்கிப் போகும் ஒரு பெண்ணுக்கு நாள் கூலி 24 ரூபாய்!

இதுவும் மாடு கறக்கிறவரைதான். அடுத்த கன்றுக்கு முன்னால் ரெண்டு மாசம் மாடு வற்றிப் போகும். அந்த ரெண்டு மாசம் பால் காசு இல்லை. தீவனம் போட வேண்டும். தவணை 6,340 ரூபாயும் கட்ட வேண்டும். மாடு வற்றும், தவணை வற்றுமா? அந்த ரெண்டு மாசத் தவணையைக் கட்டத்தான் அடுத்த கம்பெனியிடம் கையெழுத்துப் போடுகிறோம். கடனுக்குக் கடன் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சோம்பலாலோ ஊதாரித்தனத்தாலோ இல்லை.

அதே 60,000 ரூபாய் 7 சதவீத வட்டிக்கு, மூன்று வருடத் தவணையில் கிடைத்திருந்தால்? மாசத் தவணை சுமார் 1,850. கையில் ரெண்டாயிரத்துக்கு மேல் நிற்கும். வற்றுக் காலத்துக்கு எடுத்து வைக்கலாம். மொத்த வட்டி அங்கே 16,000 ரூபாய்க்கு மேல், இங்கே 6,700 ரூபாய்க்குள். மாடு ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். கடன்தான் வேறு.

7 சதவீதக் கடன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2022ல் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைப்படி, கிராமப்புற மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீதத்துக்குக் கடன் தர வேண்டும். ஆனால் அது ஒரு குழுவுக்கு 3 லட்சம். 12 பேர் இருந்தால் ஆளுக்கு 25,000. அந்தப் பணத்தில் மாட்டின் கால் வாங்கலாம், மாடு வாங்க முடியாது!

ஒரு ரூபா வட்டி

இன்னொரு ஏமாற்று. 'ஒரு ரூபா வட்டிதாம்மா, நூத்துக்கு ஒண்ணு' என்பார்கள். 10,000 ரூபாய் வாங்கினால் வருடத்துக்கு வட்டி 1,200. அசலும் வட்டியுமாக 11,200 ரூபாயை மாசம் 933 வீதம் பன்னிரண்டு மாசம் கட்டு என்பார்கள். கேட்க 12 சதவீதம்தான். ஆனால் ஆறு மாசத்தில் பாதி அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோமே! மிச்ச ஆறு மாசமும் முழு அசலுக்கு எதற்கு வட்டி? நிஜமாகக் கணக்குப் பார்த்தால் அது 21 சதவீதத்துக்கு மேல். இதில் பணம் கொடுக்கும்போதே காப்பீடு, நடைமுறைக் கட்டணம் என்று பிடித்தால் இன்னும் ஏறும். ஆகவே எவ்வளவு வட்டி என்று மட்டும் கேட்காதீர்கள். 'குறைகிற அசலுக்கு வருஷ வட்டி எத்தனை சதவீதம், எழுதிக் கொடு' என்று கேளுங்கள்.

பயிற்சி என்ற பெயரில்

தொழில் பயிற்சி கொடுக்கிறோம் என்கிறார்கள். கொடுக்கிறார்கள்தான். இருநூறு வீடுள்ள ஊரில் முப்பது பெண்களுக்குத் தையல் பயிற்சி. முப்பது சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. அந்த ஊருக்கு வேண்டியது ரெண்டு தையல்காரர். மற்ற இருபத்தெட்டு பேர் யாருக்குத் தைப்பது? ஊறுகாய் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டில் எங்கே வாங்குவது, உணவுப் பாதுகாப்பு உரிமம் எப்படி எடுப்பது, எந்தக் கடையில் கொடுப்பது என்று சொல்லவில்லை. ஊறுகாய் போட நம் பெண்களுக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? விற்கத்தான் வழி வேண்டும்.

உருப்படியான பயிற்சியும் இருக்கிறது. மாவட்டந்தோறும் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1982ல் கர்நாடகாவின் உஜிரேயில் தொடங்கிய ஒரு நிலையத்தைப் பார்த்து நாடு முழுக்க ஏற்படுத்தியது. பயிற்சி இலவசம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பயிற்சி முடிந்தவர்களை ரெண்டு வருடம் தொடர்ந்து கவனித்து, வங்கிக் கடனுக்கும் உதவ வேண்டும் என்பது விதி. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் இந்த வாசல்களை மிதித்திருக்கிறோம்? கைதூக்கச் சொன்னால் நமக்கே வெட்கமாக இருக்கும். குழந்தையை வைத்துக்கொண்டு, மாட்டை விட்டுவிட்டு, ஒரு பெண் பத்து நாள் போய்த் தங்க முடியுமா என்று அதிகாரிகளும் யோசிக்கவில்லை, நாமும் யோசிக்கவில்லை.

உலகம் கண்டுகொண்டது

இது நம் சங்கம் மட்டும் சொல்கிற பேச்சு இல்லை. 2019ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ முதலானவர்கள் ஹைதராபாத் நகரத்தின் 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பாதி இடத்தில் முதலில் குழுக்கடன் கிளை திறந்தது, பாதி இடத்தில் இல்லை. 2015ல் முடிவு வெளியானது. ஏற்கெனவே கடை, தொழில் வைத்திருந்தவர்களில் சிலருக்குக் கடன் உதவியது. ஆனால் பொதுவாகக் குடும்பங்களின் வறுமை கடனால் ஒழியவில்லை.

பங்களாதேஷில் பிராக் என்ற அமைப்பு 2002ல் வேறு வழியில் போனது. பரம ஏழைப் பெண்களுக்கு முதலில் கடன் கொடுக்கவில்லை. ஆடோ மாடோ இலவசமாகக் கொடுத்தார்கள். வளர்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். ஆட்டை விற்றுச் சாப்பிட்டுவிடாமல் இருக்கக் கொஞ்ச காலம் கைச்செலவுக்குப் பணம் கொடுத்தார்கள். சுமார் ரெண்டு வருடம் ஓர் ஆள் அடிக்கடி வீட்டுக்கே வந்து பார்த்தார். இதே முறையை இந்தியா (மேற்கு வங்கம்) உட்பட ஆறு நாடுகளில் செய்து பார்த்து 2015ல் முடிவு சொன்னார்கள். உதவி நின்ற பிறகும் அந்தக் குடும்பங்களின் சாப்பாடும் வருமானமும் முன்பைவிட மேலாகவே இருந்தன. பீகார் அரசு 2018ல் இதே வழியில் ஒரு திட்டம் தொடங்கியது. கேரளாவில் 1998ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் கூட்டாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் காய்கறியும் வாழையும் பயிர் செய்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே பாருங்கள். 2022ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் மகளிர் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். 2023ல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். வாங்க ஆள் நிச்சயம் என்றால் தொழில் தானாக நிற்கும். இதுதான் நாங்கள் சொல்ல வருவது. தொழில் வேண்டும், அதைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், பொருளை வாங்க இடம் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் கடன் உதவி. இல்லாவிட்டால் கடன் சுமை.

பயப்படாதீர்கள், விதி நம் பக்கம்

தாய்மார்களே, 2022ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிகளைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கான கடன் இது.

அடமானம் கேட்கக் கூடாது.
எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாசத் தவணை, குடும்ப மாச வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது.
மொத்த வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கடன் அட்டை நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும்.
முன்கூட்டியே கட்டினால் அபராதம் போடக் கூடாது.
காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது.
பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல். அங்கே தொடர்ந்து ரெண்டு தடவையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம்.

மகளிர் குழுக்களுக்கு வங்கியில் 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது; குழுவின் சேமிப்பைப் பிடித்து வைக்கவும் கூடாது. 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2025ல் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டு வந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, ஊருக்குள் வர வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் வசூல்காரர் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது. நாலு பேர் போய் நின்று 'மணி என்னங்க?' என்று மரியாதையாகக் கேட்டாலே போதும்.

ஆண்களுக்கு இன்னொன்று. 1989லேயே தமிழ்நாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் பட்டா யார் பேரில் இருக்கிறது? பட்டா இல்லாததால் 4 சதவீதப் பயிர்க்கடன் வாசல் பெண்ணுக்கு மூடியிருக்கிறது, 24 சதவீத வாசல் திறந்திருக்கிறது. குத்தகைதாரரும் விவசாயத் தொழிலாளியும் கால்நடை வளர்ப்பவரும் விவசாயிதான் என்று 2007 தேசிய விவசாயிகள் கொள்கை சொல்கிறது. நாற்று நடுகிற, களை எடுக்கிற, கதிர் அறுக்கிற பெண் விவசாயி என்று முதலில் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நமது கோரிக்கைகள்

1. மகளிர் குழுக்களுக்கான 7 சதவீதக் கடன் வரம்பை, உறுப்பினர் ஒருவர் ஒரு கறவை மாடு வாங்கும் அளவுக்கு உயர்த்து!
2. தவணையைத் தொழிலுக்கு ஏற்றபடி வை! மாடு வற்றும் காலத்திலும், ஆடு குட்டி வளரும்வரையிலும் தவணைக்கு அவகாசம் கொடு!
3. பரம ஏழைப் பெண்களுக்கும், கணவரை இழந்தோருக்கும் கடனுக்கு முன்னால் கால்நடையை மானியமாகக் கொடு! ரெண்டு வருடம் கூட நின்று பழக்கிக் கொடு!
4. பயிற்சியை ஊராட்சிக்கே கொண்டு வா! எந்தத் தொழில் என்பதைக் கிராம சபையில் பெண்களைக் கேட்டு முடிவு செய்!
5. பள்ளி, விடுதி, அங்கன்வாடிக்கு வேண்டிய மாவு, மசாலாத்தூள், எண்ணெயை மகளிர் குழுக்களிடமே கொள்முதல் செய்!
6. பால், கேழ்வரகு, தக்காளி, நிலக்கடலைக்குக் கட்டுபடியான விலை கொடு!
7. பட்டா இல்லாத பெண் விவசாயிகளுக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனும் கால்நடைக் கடனும் வழங்கு!
8. விதியை மீறி வசூலிப்போர் மீது நடவடிக்கை எடு! ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ரிசர்வ் வங்கி விதிகளைத் தமிழில் எழுதி வை!

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு நாள். அன்றைக்கு எல்லா ஊரிலிருந்தும் போகிறோம். வரும்போது கடன் அட்டையை எடுத்து வாருங்கள். ஒளித்து வைக்க வேண்டாம், அது அவமானம் இல்லை. எத்தனை கம்பெனி, எவ்வளவு வட்டி, எந்த நேரத்தில் வசூல் என்று சங்கத்தில் ஊர்வாரியாக எழுதி மனுவோடு கொடுக்கிறோம். ஒருத்தி அட்டையைக் காட்டினால் அது அவள் கஷ்டம். ஊரே காட்டினால் அது அரசாங்கம் பதில் சொல்ல வேண்டிய கணக்கு.

இந்தத் தடவை பெண்கள் முன்னால் வரட்டும். பிள்ளைகளையும் மாட்டையும் அன்றைக்கு ஒரு நாள் ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். கையெழுத்துப் போட்டவர்களை இனி வாசலில் தனியாக நிற்க விட மாட்டோம் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் முடிவெடுத்துவிட்டு எழுந்து போவோம்.

கடனை மட்டும் கொடுத்துக் கைகழுவாதே!
தொழில் கொடு! பயிற்சி கொடு! விலை கொடு!
உழைக்கும் பெண்ணும் விவசாயியே!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!